வெரைட்டி ஹால் எங்கே இருக்கு?

1/ ஹவுஸ் சர்ஜனா இருந்த காலம். கோவையில் கேஷுவால்ட்டி நைட் டூட்டி. அடிபட்டு வர்றவங்களுக்கு ஏ.ஆர். எழுதி, போலீசுக்கு இன்டிமேஷன் அனுப்பணும். அதுல அடிக்கடி எழுதின பேரு "வெரைட்டி ஹால் ரோடு காவல் நிலையம்". நூறு தடவையாவது எழுதியிருப்பேன். அந்த ஹால் எங்கே இருக்குன்னு ஒரு தடவைகூட யோசிச்சதில்ல.

2/ ஒரு ராத்திரி, கையில் தையல் போட்டுக்கிட்டிருந்தப்ப ஒரு பெரியவர்தான் சொன்னார்: "அது தியேட்டருங்க டாக்டர். நாங்க படம் பாக்கப் போறப்ப டிலைட்னு பேரு. எங்கப்பா கடைசி வரைக்கும் வெரைட்டி ஹாலுன்னுதான் சொல்லுவாருங்க." அன்னைக்குத் தேட ஆரம்பிச்சதுதான் இந்த இழை.

3/ கதை தொடங்குவது கோவையில் இல்ல, திருச்சியில். வருஷம் 1905. டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் புரொஜக்டரோட ஊர் ஊராகப் போய் ஊமைப்படம் காட்டிக்கிட்டிருந்தார். திருச்சி வந்தவருக்கு உடம்பு முடியாமப் போச்சு. கருவியையும் படச்சுருள்களையும் வித்துட்டு ஊர் திரும்பிடலாம்னு முடிவு பண்ணினார்.

4/ அதை வாங்கினவர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1883ல் பிறந்த கோவைக்காரர். தென்னிந்திய ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேன். வயசு இருபத்திரண்டு வாக்கில் இருக்கும். நிலையான ரயில்வே உத்தியோகத்தை விட்டுட்டு, ஒரு பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினார். அந்தச் சுருள்களில் ஏசுவின் வாழ்க்கைப் படமும் ஒண்ணு.

5/ ஊருக்கு வெளியே கூடாரம் போடுவார், படம் காட்டுவார், அடுத்த ஊருக்கு நகர்வார். தமிழ்நாட்டோட நிக்கல. வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும், கிழக்கே ரங்கூன் வரைக்கும் போனார். அப்போ பிலிம் எல்லாம் நைட்ரேட். சட்டுன்னு பத்திக்கும். அதைத் துணிக் கூடாரத்துக்குள்ள, சுடச்சுட எரியற விளக்குக்கு முன்னாடி ஓட்டணும். மழை வந்தா ஷோ கிடையாது.

6/ அதனால ஒரு நிலையான கட்டடம் என்பது அன்னைக்குப் பெரிய விஷயம். 1914ல் கோவையில் அவர் கட்டினதுதான் வெரைட்டி ஹால். பைக்காரா மின்சாரம் நம்ம பக்கம் வந்ததே 1930களில்தான். அதனால படம் ஓட்ட மின்சாரத்தையும் அவரே தயார் பண்ண வேண்டியிருந்தது.

7/ இதை "தென்னிந்தியாவின் முதல் தியேட்டர்"னு ஃபார்வர்டு பண்றாங்க. டாக்டர் புத்தி, சரிபார்க்காம விடாது. 1913லேயே சென்னை மவுண்ட் ரோட்டில் எலக்ட்ரிக் தியேட்டர் இருந்தது. ஆனா அது வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயர் நடத்தினது. தமிழர் ஒருத்தர் கட்டின ஆரம்பகால நிரந்தர தியேட்டர்களில் வெரைட்டி ஹால் ஒண்ணு. அந்தப் பெருமையே போதும், "முதல்" ஒட்டு தேவையில்ல.

8/ வின்சென்ட் அதோட நிக்கல. பேசும் படம் வந்ததும் 1933ல் டி.பி. ராஜலட்சுமி நடிச்ச 'வள்ளி திருமணம்' படத்தயாரிப்பில் பங்கெடுத்தார். கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோஸ் தொடங்கினவங்களில் அவரும் ஒருத்தர். 1942ல் காலமானார். வெரைட்டி ஹால் பிறகு டிலைட் ஆச்சு. இன்னைக்கு அங்க டிலைட்டும் ஓடல.

9/ ஒருத்தர் உடம்பு தேறாம வித்த பெட்டி, இன்னொருத்தர் துணிஞ்சு விட்ட வேலை. அதிலிருந்து வந்தது அந்தத் தெருவின் பேரு. ஹால் போச்சு. ரோட்டுப் பேரிலும், கடை போர்டிலும், நாங்க எழுதற ஏ.ஆர். காப்பியிலும் மட்டும் மிச்சம் இருக்கு. இப்பவும் யாரோ ஒரு ஜூனியர் அதை எழுதிக்கிட்டிருப்பார்.

10/ ஒரு கோரிக்கை. உங்க ஊரிலும் தியேட்டர் போய், பேரு மட்டும் பஸ் ஸ்டாப்பா நிக்கும். அந்த ஹாலில் படம் பார்த்த பெரியவங்க வீட்டில் இருந்தா இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்க. என்கிட்ட சொன்ன பெரியவரிடம் இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கலாம். தையல் முடிஞ்சதும் அடுத்த கேஸைப் பார்க்கப் போயிட்டேன்.