காதுக்கு வைத்த தேர்வு

ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று கோவை ஜி. டி. நாயுடு அவர்கள் 1941-ல் அறிவித்தார். பெட்டி பேசுகிறதா, ஏழையும் வாங்கக் கூடுமா என்பவையே அந்நாளைய கவலைகள். இன்று ‘ஹை-ஃபை’ ஒலிக்கருவிக் கண்காட்சியில் நுழைவோர் கேட்பது வேறு: பாடியவர் குரலுக்குக் கருவி உண்மையாக இருக்கிறதா?

இவ்வினா புதிதன்று. அமெரிக்காவில் எடிசன் குழுமத்தார் 1915 முதல் ஊர்தோறும் ஒரு சோதனை நடத்தினர். மேடையில் பாடகியும் இருப்பார். இசைத்தட்டுக் கருவியும் இருக்கும். விளக்கு அணையும், பாட்டுத் தொடரும். விளக்கு மீண்டும் எரியும்போது பாடகி மேடையில் இல்லை! பாடியது கருவியே என்று அவை வியக்கும். இத்தனைக்கும் அது மின்சார ஒலிவாங்கி கொண்டு பதிவு செய்யாத காலம். அன்னா கேஸ் என்ற பாடகி, பல ஆண்டுகளுக்குப் பின், 1972-ல், தம் குரலை இசைத்தட்டின் அளவுக்கு அடக்கிப் பாடியதாக ஒப்புக்கொண்டார். கருவி மனிதக் குரலை எட்டவில்லை. குரல்தான் கருவிக்கு இறங்கி வந்தது.

1954-ல் இலண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் கில்பர்ட் பிரிக்ஸ் என்ற ஒலிபெருக்கி உற்பத்தியாளர், நேரிசையையும் பதிவிசையையும் மாறிமாறி ஒலிக்கச் செய்தார். இருட்டின் உதவியின்றி, கேட்போரையே ஒப்பிடச் சொன்னது எனக்கு நேர்மையான முறையாகப் படுகிறது.

நீங்கள் செல்லும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். இரு கருவிகளுள் சிறிதே உரக்க ஒலிப்பதைக் காது சிறந்தது என்று எண்ணிவிடும். காரணம் உண்டு. ஒலியளவு தாழ்ந்தால், மிருதங்கத்தின் தொப்பி நாதம் போன்ற கீழ்ச்சுருதி ஒலிகள் நம் செவிக்கு மற்றவற்றினும் மிகுதியாக மங்குகின்றன. ஒலியளவு ஏறினால் அவை மீள்கின்றன. ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து காட்டினர். ஆகவே இரண்டையும் ஒரே அளவில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டா. சுவரை ஒட்டி அமர்ந்தால் கீழ்ச்சுருதி வீங்கி ஒலிக்கும். இரு ஒலிபெருக்கிகளும் நீங்களும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைவது நலம்.

என் இளமையில், கல்யாணப் பந்தற்காலில் கட்டிய புனல் ஒலிபெருக்கியே எங்கள் ஊருக்குச் சங்கீத வித்துவான். அதன் கரகரப்பையே நாதம் என்று நம்பியிருந்தேன். பின்னாளில் ஒரு கண்காட்சிக்குச் செல்லுமுன், பேரூர்க் கோயிலில் தவில் கேட்டுவிட்டுப் போனேன். கூடத்தில் தவில் இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டார்கள். இடக்கைக் கோலின் அடி நன்றாகக் கேட்டது. வலக்கை விரற்கூடுகளின் படபடப்பைக் காணோம். சொன்னேன். விற்பனையாளர் புன்னகையுடன் ஒலியைக் கூட்டினார். “ஐயா, குறைத்து வையுங்கள்” என்றேன்.