ஆலை ஓய்ந்த இடத்தில் அங்காடி

கோவை அவினாசிச் சாலையில் அந்த நிறுத்தத்தின் பெயர் இன்றும் 'லட்சுமி மில்' என்பதே. ஆனால் அங்கே இறங்குவோர் நூல் நூற்கச் செல்வோர் அல்லர். பொருள் வாங்கச் செல்வோர். 1910ஆம் ஆண்டு குப்புசாமி நாயுடு தொடங்கிய அந்த ஆலையின் நூற்புப் பணி அவ்வளாகத்தை விட்டு அகன்று, பல்லடம், கோவில்பட்டி ஆலைகளில் நடைபெறலாயிற்று. பழைய கட்டடங்கள் சில புதுக்கப்பட்டுக் கடைகளாகவும் உணவகங்களாகவும் மாறின. 2023 ஜூன் திங்களில் லூலூ பேரங்காடியும் அவ்வளாகத்தில் திறக்கப்பட்டது.

கொங்கு நாட்டு ஆலைகளின் வரலாறு, 1888இல் இராபர்ட் ஸ்டேன்ஸ் நிறுவிய கோயம்புத்தூர் நூற்பு நெசவு ஆலையிலிருந்து தொடங்குகின்றது. இம்மண்ணில் விளைந்த பருத்தியும், கிணற்றுப் பாசன வேளாண்மையில் ஈட்டிய முதலும், 1930களின் தொடக்கத்தில் பைக்காராவிலிருந்து வந்த நீர்மின்சாரமும் ஒன்றுகூடவே, பீளமேடு, சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் எனச் சுற்றெங்கும் ஆலைகள் பெருகின. சங்கொலி கேட்டு உலை வைத்த இல்லங்கள் பல. 1971இல் வானம்பாடி இதழ் இந்நகரில் தோன்றியபோதும் கோவையின் காலைப் பொழுதை அறிவித்தது ஆலைச் சங்கே. சம்பள நாளன்று ஆலை வாயிலில் ஒரு சிறு சந்தையே கூடிவிடும். துணி விற்போர், பலகாரம் விற்போர், பாத்திரத்தைத் தவணைக்குக் கொடுப்போர், இவர்களுக்குச் சற்றே தள்ளி வட்டிக்காரர்! அங்காடி அன்று ஆலையின் ஊதியத்தை நம்பி வாழ்ந்தது.

அவ்வூதியமும் பணிநேரமும் எளிதிற் கிட்டியவை அல்ல. ரங்கவிலாஸ் ஆலைப் போராட்டத்தை ஒட்டிச் சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8ஆம் நாள் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர் என்பதை இந்நகரத்தார் மறத்தல் ஆகாது.

தேய்வு மெல்ல வந்தது. பொறிகள் பழையனவாயின; மின்வெட்டு வாட்டியது; நகருக்கு வெளியே குறைந்த கூலியில் புதிய நூற்பாலைகள் எழுந்தன. இவற்றினும் வலிய காரணம் ஒன்றுண்டு: நகரின் நடுவே, நூலின் விலையினும் நிலத்தின் விலை விரைந்து ஏறியது. ஆலை நிலம் மட்டுமன்று, பிற தொழிற்கூடங்களின் நிலமும் இவ்வழியே சென்றது. 2009இல் திறக்கப்பட்ட புரூக்பீல்ட்ஸ் வணிக வளாகம், முன்பு அங்கிருந்த புரூக் பாண்டு நிறுவனத்தின் பெயரையே நினைவூட்டி நிற்கின்றது. 2017இல் சத்தி சாலைப் புறநகரில் புரோசோன் வந்தது.

மில், மால் என்னும் இரு சொற்களுக்கும் தமிழெழுத்தில் வேறுபாடு ஓர் உயிர்க்குறியே. மால் என்பதற்குப் பெருமை என்றும் மயக்கம் என்றும் நம் மொழியில் முன்பே பொருளுண்டு. எது பொருந்தும் என்பதைக் கவிஞர்கள் முடிவு செய்யட்டும்.

இவ்வளாகங்களின் தாயகமான அமெரிக்காவில் கதை வேறு. வியன்னாவில் பிறந்த கட்டடக் கலைஞர் விக்டர் குரூயன், 1956இல் மினியாபொலிசு நகரின் புறத்தே சவுத்டேல் வளாகத்தை அமைத்தார். வீடு, பள்ளி, மருத்துவமனை, பூங்கா ஆகியன சூழ்ந்த ஊர் மன்றமாக அது விளங்க வேண்டும் என்பது அவர் கனவு. இத்தகைய வளாகங்கள் நாடெங்கும் பரவியபோது சூழ்ந்தவை பெரும்பாலும் வண்டி நிறுத்துமிடங்களே. பிற்காலத்தில் அவரே அவற்றை மறுதலித்தார். கிளீவ்லாந்து அருகே 1976இல் திறந்த ராண்டால் பார்க் வளாகம் 2009இல் மூடப்பட்டது. பின்னர் இடிக்கப்பட்ட அவ்விடத்தில் 2018இல் அமேசான் நிறுவனத்தின் பண்டகசாலை எழுந்தது. அங்கே அங்காடி அழிந்து வேலைக்களமாயிற்று. கோவையிலோ வேலைக்களம் அழிந்து அங்காடியாயிற்று.

எனினும் அங்காடியிலும் உழைப்போர் உளர். பெரும்பாலோர் இளம்பெண்கள், நாள் முழுதும் நின்றே பணி செய்வோர். கடைப் பணியாளர்க்கு இருக்கை தருதல் கட்டாயம் என்னும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 2021இல்தான் நிறைவேறியது. இருக்கைக்கே இத்தனை காலம் ஆயிற்று.

1974இல் நாட்டுடைமையாக்கப்பட்டுத் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின்கீழ் வந்த ஆலைகளுள் ஸ்டேன்ஸ் ஆலையும் ஒன்று. கழகத்தின் ஆலைகள் 2020 மார்ச்சுப் பொதுமுடக்கத்தில் நின்றன. அவற்றைத் திறக்கக் கோரித் தொழிலாளர் பலமுறை வாயில்களில் கூடினர், முன்பு சம்பள நாளில் கூடிய அதே வாயில்களில்.