முப்பத்தாறு ஆண்டு காத்திருந்த நூல்

பேராதனையோடு தொடர்புடைய ஒரு நூலின் கதையை இன்று பார்ப்போம். இலங்கைப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் வெளியிடத் திட்டமிட்ட 'இலங்கை வரலாறு' அது. பேராசிரியர் எச். சி. ராய் பிரதம பதிப்பாசிரியராக அமைய, முதலாம் தொகுதியின் இரு பாகங்களும் 1959, 1960 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அடுத்து வந்தது இரண்டாம் தொகுதியன்று, மூன்றாம் தொகுதி. ஆண்டு 1973. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தைக் கூறும் இரண்டாம் தொகுதி 1995 இல்தான் கைக்கு வந்தது. முதலாம் தொகுதி தொடங்கி 36 ஆண்டுகள்! பின்னிரு தொகுதிகளுக்கும் பதிப்பாசிரியர் கே. எம். டி சில்வா.

விற்பனையை நம்பி நூல் போடுபவர் இத்தனை காலம் பொறுத்திருக்க முடியாது. பல்கலைக்கழகப் பதிப்பகம் பொறுத்திருக்கும். அதன் இயல்பே அதுதான்.

அச்சகம் வேறு, பதிப்பகம் வேறு. அச்சகம் கொடுத்ததை அச்சிடும். பல்கலைக்கழகப் பதிப்பகமோ எழுத்துப்பிரதியை அத்துறை வல்லுநரிடம் அனுப்பி அபிப்பிராயம் கேட்கும். திருத்தம் வேண்டுமெனின் ஆசிரியரிடம் திருப்பியனுப்பும். அதன்பின் அறிஞர் சபையொன்று முடிவு செய்யும். 'இது விற்குமா?' என்பதற்கு முன்னர், 'இது அறிவுக்கு எதைப் புதிதாகச் சேர்க்கிறது?' என்ற கேள்வி எழும்.

அப்படியானால் செலவுக்கு வழி? ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வேதாகமத்தாலும் பாடநூல்களாலும் ஈட்டிய பணம், மிகச் சிலரே வாசிக்கும் ஆய்வு நூல்களைத் தாங்கியது. பேராதனையில் விரிவுரையாளராக இருந்த க. கைலாசபதி, தமிழ் வீரயுகக் கவிதை பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு 1968 இல் நூலானது அந்த ஒக்ஸ்போர்டின் கிளாரண்டன் அச்சகத்தின் வழியேதான்.

தமிழில் எழுதிய ஆய்வுகளின் கதை வேறு. பல்கலைக்கழகத் தமிழ்த்துறையைச் சேர்ந்த சு. வித்தியானந்தனின் 'இலக்கியத் தென்றல்' 1953 இலும், சங்ககாலத் தமிழர் வாழ்வை ஆராயும் 'தமிழர் சால்பு' 1954 இலும் வெளிவந்தன. அவற்றை வெளியிட்டது தமிழ் மன்றம். அதனை நிறுவியவர், கண்டி மாவட்டத்துக் கல்ஹின்னை என்னும் முஸ்லிம் கிராமத்தைச் சேர்ந்த எஸ். எம். ஹனிபா. சங்கத் தமிழர் பற்றிய நூலை மலைநாட்டு முஸ்லிம் அன்பர் ஒருவர் உலகுக்குத் தந்தார் என்பது நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி.

ஆயினும் அந்தப் பெருமையோடு ஒரு கவலையும் சேர்ந்தே வருகிறது. தனிமனிதரின் ஆர்வம் ஒரு நூலைப் பிறப்பிக்கும். அதனைத் தலைமுறை தலைமுறையாகப் பேணுவது அந்த ஒருவரால் ஆகக்கூடியதன்று. அவர் ஓய்ந்ததும் மறுபதிப்பு நிற்கும், பாதியில் நின்ற ஆய்வு பாதியிலேயே கிடக்கும். ராய் தொடங்கிய பணியை டி சில்வா தொடர முடிந்தது எதனால்? ஆட்கள் மாறினும் பல்கலைக்கழகம் நிலைத்து நின்றதனால்.

நல்ல ஆய்வாளர்கள் நம்மிடம் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஹனிபாவைப் போன்ற கொடையுள்ளங்களும் இருந்தன. 36 ஆண்டுகள் ஒரு தமிழ் நூலுக்காகக் காத்திருக்கும் நிறுவனத்தையும் நாம் கேட்டுப் பெறவேண்டும். அறிவுக்குப் பணத்தைவிடப் பொறுமையே பெரிய மூலதனம்.