காரைக்காலுக்குப் போகும் வழி

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள். பரீட்சை கிடையாது.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். மூன்றாம் வகுப்பில் என்னிடம் வாய்ப்பாடு ஒப்பித்தவள், இப்போது அவளே டீச்சர். காரைக்காலுக்கு மாற்றல் வந்திருக்கிறதாம். "டீச்சர், அவ்ளோ தூரம் எப்படிப் போவேன், பிள்ளைங்களை யார் பார்ப்பாங்க" என்று அழுதாள். புதுச்சேரியில் அரசு வேலை பார்க்கிறவர்களுக்கு இது புதிதில்லை. நம் மாநிலம் நான்கு துண்டு. புதுச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, ஆந்திராவில் கோதாவரிக் கரையில் ஏனாம். ஒரே அரசாங்கம், ஒரே சம்பளப் பட்டியல். ஆனால் ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போக அடுத்த மாநிலத்து மண்ணைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

அவளிடம் சொன்ன ஆறுதல் எனக்கே போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். 1990 ஜூன் மாதம் எனக்கும் அப்படி ஒரு உத்தரவு வந்தது. அப்போது காரைக்காலுக்கு விமானமும் கிடையாது, ரயிலும் கிடையாது. ஆனால் ரயில் இல்லாத ஊராக அது பிறக்கவில்லை. இருந்த ரயிலை இழந்த ஊர் அது.

முதலில் நம் தட்டாஞ்சாவடியிலிருந்து தொடங்குகிறேன். பெயரிலேயே சாவடி இருக்கிறது. சாவடி என்றால் வழிப்போக்கர் இறங்கித் தங்கும் இடம். பக்கத்திலேயே பேட்டையன்சத்திரம். இன்று கலெக்டர் ஆபீசுக்குப் போகிறவர்கள் அந்தப் பெயரைத் தினம் சொல்கிறார்கள், ஆனால் சத்திரத்தை நினைப்பதில்லை. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் மனிதர்கள் பயணம் போன காலத்தின் பெயர்கள் இவை. இங்கிருந்து காரைக்கால் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். நாளைக்கு 30 கிலோமீட்டர் நடந்தாலும் நான்கு நாள் தாண்டும். அதுவும் ஆற்றில் தண்ணீர் இல்லாத காலத்தில்.

ஆறுகளை எண்ணிப் பாருங்கள். சுண்ணாம்பாறு, தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம், மண்ணியாறு, காவிரி, கடைசியில் எல்லையில் நண்டலாறு. வகுப்பில் தமிழ்நாட்டு ஆறுகளைப் படத்தில் கோடு போட்டுக் காட்டுவேனே, அந்தக் கோடு ஒவ்வொன்றையும் நம் சாலை குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிற தண்ணீருக்குக் குறுக்கே, வடக்கிலிருந்து தெற்காகப் போகிற வழி. காரைக்கால் ஏன் தூரம் என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

மீதிப் பாதி சரித்திரத்தில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1739ல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து காரைக்காலைப் பெற்றார்கள். அவர்களுக்குக் கடல்தான் சாலை. புதுச்சேரியிலிருந்து கப்பல் ஏறினால் யாருடைய நிலத்தையும் மிதிக்காமல் அரசலாற்று முகத்துக்குப் போய்விடலாம். சுற்றிலும் இருந்த தஞ்சாவூர்ச் சீமை வெள்ளைக்காரன் கைக்குப் போனபின், தரை வழியில் காரைக்கால் ஒரு தீவு மாதிரி ஆகிவிட்டது.

பிறகு ரயில் வந்தது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879லேயே ரயில் வந்துவிட்டது. தெற்கே தஞ்சாவூர் ஜில்லா போர்டு தன் சொந்தப் பணத்தைப் போட்டு, மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்கு 1894ல் ஒரு பாதை போட்டது. ஒரு ஜில்லா போர்டு தனக்கென்று ரயில் பாதை போட்டுக்கொண்டது நம் நாட்டில் அரிய காரியம். அந்தப் பாதையில் பேரளம் என்று ஒரு ஊர். அங்கிருந்து காரைக்கால் 23 கிலோமீட்டர் சொச்சம்தான். பிரெஞ்சு இந்திய அரசு பணம் கொடுக்க, தென்னிந்திய ரயில்வே வண்டி ஓட்ட, 1898 மார்ச் மாதம் பேரளம் – காரைக்கால் பாதை திறந்தது. மீட்டர் கேஜ் பாதை. அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாக வயல் நடுவே போகும்.

அதில் போனவர் என் அப்பா. திருநள்ளாற்றுப் பக்கம் பிறந்தவர். 1940களில் மில் வேலைக்காகப் புதுச்சேரி வந்து, தட்டாஞ்சாவடியில் குடியேறியவர். அவர் சொல்லக் கேட்ட பயணம் இது. திருநள்ளாற்றில் ஏறுவார். பேரளத்தில் இறங்கி வண்டி மாறி மாயவரம். அங்கே மாறி விழுப்புரம். அங்கே மறுபடியும் மாறிப் புதுச்சேரி. மூன்று மாற்றம், ஒரு தகரப் பெட்டி, ஒரு தூக்குவாளியில் புளிச்சோறு. பிரெஞ்சு எல்லையைத் தாண்டும்போது பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். "நம்ம ஊர்லேருந்து நம்ம ஊருக்குப் போறதுக்கு ரெண்டு தடவை பொட்டியைத் தொறக்கணும்" என்று சிரிப்பார். 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி கையை விட்டுப் போனபின்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

இனி நான் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று. 1984ல் அத்தை மகள் கல்யாணம் காரைக்காலில். அப்போது அந்த ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ரயிலில் போகலாம் என்றார். நான்தான், "மூணு இடத்துல மாறி யாருப்பா போறது, பஸ்ஸுல போனா நாலு மணி நேரம்" என்று அடம்பிடித்தேன். பஸ்ஸில்தான் போனோம். சீர்காழி தாண்டியபின் அப்பா வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் என்னைப் போலவே நினைத்திருக்கிறார்கள். 1987ல் நஷ்டம் என்று சொல்லி அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். கிட்டத்தட்ட 90 வருஷம் ஓடிய ரயில். ஊர்வலம் நடத்தும் அளவுக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் கோபம்கூட வரவில்லை. பஸ்தான் இருக்கிறதே!

மூன்று வருஷம் கழித்து எனக்கு மாற்றல். நெடுங்காடு பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. மகளுக்கு நான்கு வயது. அவளை அம்மா அப்பாவிடம் விட்டுவிட்டுக் காரைக்காலில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன். வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் ஓட்டம். பாண்டி பஸ்ஸில் சீட்டு பிடிக்க முந்தானையைச் ஜன்னல் வழியாகப் போட முடியாது, கைக்குட்டையைத்தான் போட முடியும். அதுவும் போட்டிருக்கிறேன். பொறையாறு, திருக்கடையூர், ஆக்கூர், சீர்காழி, கொள்ளிடம், சிதம்பரம், கடலூர். ஒவ்வொரு ஊர் விளக்கும் எனக்கு மனப்பாடம். இரவு பத்து மணிக்கு வந்து, தூங்கும் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பேன். ஞாயிறு மதியம் மறுபடி கிளம்ப வேண்டும். அவள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள், டாட்டா சொல்ல வர மாட்டாள்.

1991 நவம்பர். காரைக்காலுக்கு வடக்கே புயல் கரை கடந்தது. இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. மரங்கள் சாய்ந்து கிடந்தன, கரண்டு இல்லை. புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் தந்தி வந்தது. அப்பாவுக்கு உடம்பு மோசம், உடனே வா. தந்தி கொடுத்த நேரத்தைப் பார்த்தேன். முந்தின நாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். "பாண்டிக்கு நேர் வண்டி கிடையாதும்மா, சீர்காழி வரைக்கும்தான்" என்றார் கண்டக்டர். சீர்காழிக்கு வடக்கே சாலையெல்லாம் தண்ணீர். இரண்டு மணி நேரம் நின்றேன். பிறகு ஒரு லாரிக்காரர், நான்கைந்து பெண்களாக இருக்கிறோம் என்று பார்த்து இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். அவர் பெயர்கூடக் கேட்கவில்லை. கொள்ளிடத்துப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. கீழே இரு கரையும் நிரம்ப, செம்மண் நிறத்தில் தண்ணீர். சிதம்பரத்தில் ஒரு பஸ், கடலூரில் இன்னொரு பஸ். தட்டாஞ்சாவடியில் நான் இறங்கியபோது மணி ஒன்பது. எங்கள் தெருவில் பந்தல் இருந்தது. அப்பா இல்லை. மாலையே எடுத்துவிட்டார்கள். "எவ்வளவு நேரம்தான் வெச்சிருக்கிறது, நீ வர வழி இருக்கான்னே தெரியலையே" என்று அம்மா சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

ரயில் இருந்திருந்தால் அந்தப் புயலில் ஓடியிருக்குமா? ஓடாமலும் இருந்திருக்கலாம். தண்ணீருக்குத் தண்டவாளம், தார் ரோடு என்ற பேதம் கிடையாது. ஆனால் ஒரு ஊருக்கு இரண்டு வழி இருந்தால், ஒன்று அடைபடும்போது இன்னொன்றைப் போய்ப் பார்க்கலாம். ஒரே வழி உள்ள ஊரில், அது அடைபட்டால் உட்கார்ந்து அழ மட்டும்தான் முடியும். இருந்த இரண்டாவது வழியை வேண்டாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. இது எனக்குப் புரிய அப்பாவின் காரியம் முடிய வேண்டியிருந்தது.

பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2009ல் காரைக்காலுக்குத் தெற்கே தனியார் துறைமுகம் வந்தது. நிலக்கரிக் கப்பல்கள் வரத் தொடங்கின. 2011 டிசம்பரில் நாகூரிலிருந்து காரைக்காலுக்கு அகல ரயில் பாதை திறந்தார்கள். 24 வருஷத்துக்குப் பிறகு ஊருக்குள் ரயில் சத்தம். ஆனால் நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு அது சுற்று வழி. திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர் என்று தெற்கே இறங்கி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். பழைய பேரளம் பாதைக்காக அந்த ஊர்க்காரர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அது இப்போது அகலப் பாதையாக மறுபடி போடப்பட்டு, 2025ல் அதில் சோதனை ஓட்டமும் நடந்தது. மூடுவதற்கு ஒரு கையெழுத்து போதும். திறப்பதற்குக் கிட்டத்தட்ட 38 வருஷம் ஆகியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே 25 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் நேர் ரயில் பாதை இன்றும் கிடையாது. ரயிலில் போக வேண்டுமென்றால், 38 கிலோமீட்டர் மேற்கே விழுப்புரம் போய்த்தான் திரும்ப வேண்டும். நம் லாசுப்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறது, காரைக்காலில் அதுவும் இல்லை. ஏனாமுக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் இன்றும் காக்கிநாடாவில் ரயிலை விட்டு இறங்கி, 30 கிலோமீட்டர் சாலையில்தான் போகிறார்கள்.

அதனால், போன் செய்த என் கண்ணே, உனக்கும் உன்னைப் போல மாற்றல் உத்தரவைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன். போய் வா. காரைக்கால் பிள்ளைகள் தங்கமானவர்கள். நான் அங்கே நான்கு வருஷம் இருந்தேன், அவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். சாலை இப்போது நன்றாக இருக்கிறது. விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்கு வழிச் சாலை வேலையால் நேரமும் குறைந்திருக்கிறது. உனக்குக் கையில் போன் இருக்கிறது. தந்திக்காகக் காத்திருக்க வேண்டாம். ராத்திரி பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பேசலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அவர்கள் கதவுக்குப் பின்னால் ஒளிந்தால், கூப்பிட்டு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போ. நான் பஸ் போய்விடும் என்று பயந்து பல வாரம் அதைச் செய்யவில்லை.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரளம் வழியாகக் காரைக்காலுக்குப் போக வாய்ப்புக் கிடைக்கும்போது ரயிலில் ஏறுங்கள். சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு போகிறீர்கள் இல்லையா, ஒரு தடவையாவது டிக்கெட் வாங்கிப் போங்கள். அரை மணி நேரம் கூட ஆனாலும் பரவாயில்லை. ஒரு பாதை சாவது புயலால் இல்லை, ஏற ஆளில்லாத கணக்கால். அந்தக் கணக்கில் ஒரு டிக்கெட் குறைந்ததற்கு நான் சாட்சி.

எனக்கு முழங்கால் வலி. ஆனாலும் மகளிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பாதையில் ஒரு தடவை அப்பாவுடைய ஊர் வழியாகப் போக வேண்டும். ஜன்னல் ஓரச் சீட்டு எனக்கு. புளிச்சோறு நானே கட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
தட்டாஞ்சாவடி.