265 கிலோமீட்டரும் ஒரு ஓடுபாதையும்

சேலம் விமான நிலையம் இருப்பது சேலத்தில் இல்லை, ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில். அங்கிருந்து மீனம்பாக்கத்துக்கு நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 265 கி.மீ. (அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து நானே போட்ட கணக்கு, ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம்.) சாலையில் போனால் 340 கி.மீ. ஆகிவிடும்.

மாட்டுவண்டி காலத்தில் நாளைக்கு முப்பது கி.மீ. போனாலும் பதினோரு, பன்னிரண்டு நாள். 1861-ல் சேலத்துக்கு ரயில் வந்ததும் அந்தப் பன்னிரண்டு நாள் ஒரே நாளுக்குள் அடங்கிவிட்டது. அதற்கப்புறம் வந்த எந்த வசதியும் அத்தனை நாளை மிச்சம் பிடித்ததில்லை.

விமானத்தையே எடுத்துக்கொள்வோம். 1993-ல் நிலையம் திறந்தார்கள். என்.இ.பி.சி. கொஞ்ச காலம் பறந்தது, நின்றது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் வந்தது, அதுவும் நின்றது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் ட்ரூஜெட், பிறகு மறுபடி இடைவெளி. 2023 அக்டோபரில் இண்டிகோவும் அலையன்ஸ் ஏரும் வந்தன. ஒவ்வொரு முறையும் "சென்னைக்கு ஒரு மணி நேரம்"னு ஊரே பேசிக்கிட்டது.

ஏன் ஒரு மணி நேரம்? ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகும். அந்தக் கணக்கில் அரை மணி நேரம் போதுமே! ஆனால் தரையில் உருள்வது, ஏறுவது, இறங்குவது, வரிசையில் காத்திருப்பது எல்லாமே பயண நேரத்தில் சேரும். தூரம் குறையக் குறைய இந்தச் சில்லறை நேரம்தான் பெரிசாகத் தெரியும்.

நாமக்கல்லில் இருந்து கிளம்புகிறவருக்குக் காமலாபுரம் 70 கி.மீ. அங்கே போகவே ஒன்றரை மணி, காத்திருப்பு ஒரு மணி, பறப்பது ஒரு மணி, மீனம்பாக்கத்திலிருந்து பாரிமுனை போய்ச் சேர இன்னொரு ஒன்றரை மணி. மொத்தம் ஐந்து. 2023 ஏப்ரலில் வந்த வந்தே பாரத்தில் சேலம் ஜங்ஷன் ஏறினால் நாலு மணி நேரத்துக்குள் சென்ட்ரல். ஜங்ஷனுக்குப் போகிற நேரத்தைச் சேர்த்தாலும் ஏறக்குறைய அதே ஐந்துதான். ஓமலூர்க்காரருக்கு மட்டும்தான் விமானம் உண்மையிலேயே லாபம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். காமலாபுரம் ஓடுபாதை 1,806 மீட்டர். ஏ.டி.ஆருக்குப் போதும், பெரிய ஜெட்டுக்குப் பத்தாது. நீட்டுவதற்காகக் காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி கிராமங்களில் சுமார் 570 ஏக்கர் கேட்டார்கள். 2018-ல் விவசாயிகள் எதிர்த்துப் போராடினார்கள். அப்போதும் எல்லார் வாயிலும் சென்னைதான். சென்னைக்கு ஜெட் விட்டால் மிச்சமாவது பத்து நிமிஷம் இருக்கலாம். பெரிய ஓடுபாதையால் நேரம் மிச்சமாவது தூர ஊர்களுக்குத்தான். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கி.மீ.; நாலேகால் மணி நேரத்தில் போய்விடலாம். ஆக, அந்த ஏக்கர்களைக் கேட்கிறவர்கள் எந்த ஊருக்குப் பறக்கப் போகிறோம் என்பதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். நாமக்கல்காரர் இப்போதும் சிங்கப்பூர் போக வண்டியைத் திருச்சிப் பக்கம்தான் திருப்புகிறார்.