பிரித்தானிய வட்டாரச் செவிலியர் சிறப்புப் பயிற்சி

பிரித்தானிய வட்டாரச் செவிலியர் சிறப்புப் பயிற்சி என்பது, மருத்துவமனைப் பயிற்சியை முடித்துத் தேர்ந்த செவிலியருக்கு, நோயாளிகளின் வீடுகளுக்கே சென்று பணியாற்றுவதற்காக அளிக்கப்படும் மேற்பயிற்சி ஆகும். ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தின் பொறுப்பை ஏற்றுப் பணியாற்றுவதால் இவர்கள் ஆங்கிலத்தில் டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் எனப்படுகின்றனர். தேர்ச்சி பெற்ற செவிலியருக்கு மீண்டும் ஒரு பயிற்சி தேவையா என்ற கேள்வி, 19-ஆம் நூற்றாண்டு முதல் இத்துறையில் எழுப்பப்பட்டு வருகிறது.

தோற்றம்

லிவர்பூல் வணிகரான வில்லியம் ராத்போன், தம் மனைவியின் இறுதி நாட்களில் அவரைக் கவனித்துக்கொண்ட மேரி ராபின்சன் என்னும் செவிலியரை, 1859-இல் ஏழைகளின் வீடுகளில் பணியாற்ற மூன்று மாதங்களுக்கு அமர்த்தினார். அங்கு கண்ட துயரத்தைத் தாங்க முடியாமல், ஒரு மாதத்திலேயே தம்மை விடுவிக்குமாறு மேரி ராபின்சன் கேட்டார். ராத்போனின் வற்புறுத்தலால் தொடர்ந்தவர், மூன்று மாத முடிவில் அப்பணியை விட்டு விலக மனமின்றி இருந்தார்.

பணியை விரிவுபடுத்த முயன்றபோது பயிற்சி பெற்ற செவிலியர் போதிய அளவில் கிடைக்கவில்லை. புளோரன்ஸ் நைட்டிங்கேலின் அறிவுரைப்படி, 1862-இல் லிவர்பூல் அரச மருத்துவமனையுடன் இணைந்த பயிற்சிப் பள்ளி ஒன்றை ராத்போன் நிறுவினார். 1865-க்குள் நகரம் 18 செவிலிய வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது.

மேற்பயிற்சி உருவாதல்

1874-இல் லண்டனில் பெருநகர, தேசியச் செவிலியச் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் தலைமைச் செவிலியரான புளோரன்ஸ் லீஸ், வீட்டில் பணிபுரியும் செவிலியருக்கு மருத்துவமனைச் செவிலியரைவிட உயர்ந்த பயிற்சி வேண்டும் என வாதிட்டார். மருத்துவமனைக் கூடத்தில் மருத்துவரும் மேற்பார்வையாளரும் அருகில் இருப்பர். கருவிகளும் துணிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஏழையின் ஒற்றை அறையில் செவிலியர் தனியே நிற்க வேண்டும். நோயின் மாற்றத்தைத் தாமே கண்டறிந்து மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். அறையைத் தூய்மையாக்கிக் காற்றோட்டம் தருவதையும் வீட்டாருக்குக் கற்பிக்க வேண்டும்.

விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழாவுக்குப் பெண்கள் திரட்டிய நிதியிலிருந்து 70,000 பவுண்டு, 1887-இல் இப்பணிக்கு ஒதுக்கப்பட்டது. அதைக் கொண்டு அமைந்த செவிலியர் நிறுவனம் 1889-இல் அரசப் பட்டயம் பெற்றது. ராத்போனின் உறவினரான ரோசலிண்ட் பேஜட் இதன் முதல் செவிலியராகப் பதிவானார்.

இந்நிறுவனத்தின் பட்டியலில் இடம்பெற, மருத்துவமனைப் பயிற்சிக்குப் பின் ஆறு மாத வட்டாரப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. கிராமப்புறங்களுக்குச் செல்வோர் பேறுகாலப் பயிற்சியும் பெற வேண்டியிருந்தது. பயிற்சி பெறுவோர் செவிலியர் இல்லத்தில் தங்கி, அனுபவம் மிக்க மேற்பார்வையாளரின் கீழ் வீடுவீடாகச் சென்று பணி கற்றனர். நோயாளியின் சமயத்தில் தலையிடக் கூடாது என்பதும் விதியாக இருந்தது.

செலவும் தரமும்

முழுப் பயிற்சி பெற்ற செவிலியருக்கு ஊதியம் தரும் வசதி எல்லாக் கிராமங்களுக்கும் இல்லை. ஆகவே பல பகுதிகளில் குறுகிய காலப் பயிற்சி பெற்ற கிராமச் செவிலி-மருத்துவச்சிகள் அமர்த்தப்பட்டனர். மருத்துவரின் உதவி எளிதில் கிட்டாத இடங்களுக்கே குறைந்த பயிற்சி பெற்றோர் சென்றது இத்திட்டத்தின் பெரிய முரணாகும். ஆனால் அவர்களும் இல்லையெனில் பல வீடுகளுக்கு எந்த உதவியும் கிடைத்திராது.

1948-இல் தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கியபோது, வீட்டுச் செவிலியம் உள்ளாட்சி அமைப்புகளின் கடமையாயிற்று. எனினும் மேற்பயிற்சி சட்டப்படி கட்டாயமாகவில்லை. ஏறத்தாழ 80 ஆண்டுகள் பயிற்சி அளித்துவந்த அரசி நிறுவனம், 1960-களின் இறுதியில் அப்பொறுப்பிலிருந்து விலகியது. 1981-இல்தான் வட்டாரச் செவிலியருக்கு இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது.

இன்றைய நிலை

1990-களில் இப்பயிற்சி பல்கலைக்கழகங்களில் பட்ட நிலையில் கற்பிக்கப்படும் சிறப்புப் பணித் தகுதியாக மாறியது. செவிலிய, மருத்துவச்சிக் கவுன்சில் 2022-இல் இதற்கான புதிய தரநிலைகளை வெளியிட்டது. இன்று வீடுகளுக்குச் செல்லும் குழுக்களில் இத்தகுதி பெற்றவர்களுடன் பெறாத பதிவுச் செவிலியரும் பணியாற்றுகின்றனர். நாட்பட்ட நோயாளிகளும் இறுதிக்காலப் பராமரிப்பு தேவைப்படுவோரும் வீட்டிலேயே மருத்துவம் பெறுவது பெருகியுள்ளதால், உடன் மருத்துவர் இல்லாத அறையில் தனியே முடிவெடுக்கும் திறன் முன்னிலும் அதிகமாகத் தேவைப்படுகிறது. ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பும் காலத்தில் அவருடைய நோயாளிகளை யார் கவனிப்பது, அச்செலவை யார் ஏற்பது என்பவையே பணியிடங்களில் நீடிக்கும் சிக்கல்கள்.