ஷாரபாங் முதல் சுற்றுலா வேன் வரை: முழு வாடகைப் பயணத்தின் வரலாறு

ஷாரபாங் என்பது பிரித்தானியாவில் 1840கள் முதல் 1920கள் வரை, குழுவாக உல்லாசப் பயணம் சென்றவர்கள் ஏறிச் சென்ற திறந்த வண்டி. பலகை இருக்கைகள் கொண்ட வண்டி என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொற்களிலிருந்து இப்பெயர் வந்தது. தொழிலாளர்கள் பேச்சுவழக்கில் அதைச் சுருக்கி 'ஷாரா' என்றனர். இன்று திருமணத்துக்கும் கோயில் பயணத்துக்கும் பள்ளிச் சுற்றுலாவுக்கும் அமர்த்தப்படும் வாடகைப் பேருந்து, வேன் ஆகியவற்றின் முன்னோடி இது. வண்டியின் உருவம் மறைந்துவிட்டது. ஆனால் ஒரு குழு வண்டியை முழுமையாக வாடகைக்கு எடுப்பது வேறு, பயணிகள் ஆளுக்கொரு கட்டணம் கொடுத்து ஏறுவது வேறு என்று 1930இல் பிரித்தானியா சட்டத்தில் வகுத்த பிரிவினை இந்தியச் சாலைகளில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

தொடக்கம்

ஷாரபாங் முதலில் செல்வர்களின் வண்டி. வேட்டையையும் குதிரைப் பந்தயத்தையும் உட்கார்ந்தபடியே பார்ப்பதற்காக உருவானது. பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப் 1844இல் விக்டோரியா அரசிக்கு அத்தகைய வண்டி ஒன்றைப் பரிசளித்தார்.

சாதாரண மக்கள் குழுவாகச் செல்லும் வழக்கத்தை முதலில் பரப்பியது ரயில். 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக், மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குச் சிறப்பு ரயில் ஏற்பாடு செய்து சுமார் 500 பேரை அழைத்துச் சென்றார். கட்டணம் ஆளுக்கு ஒரு ஷில்லிங். ரயிலைப் பேசி அமர்த்தியவர் ஒருவர், பணம் கொடுத்தவர்கள் பலர். பின்னாளில் சட்டத்தைக் குழப்பிய சிக்கல் இந்த முதல் பயணத்திலேயே இருந்தது. அன்று அதை யாரும் சிக்கலாகக் கருதவில்லை.

மோட்டார் ஷாரபாங்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குதிரையின் இடத்தை மோட்டார் பிடித்தது. லாரிச் சட்டத்தின் மேல் வரிசை வரிசையாகப் பலகைகள் பொருத்தப்பட்டன. ஒவ்வொரு வரிசைக்கும் பக்கவாட்டில் தனிக் கதவு இருந்தது, நடுவில் நடைவழி கிடையாது. மழை வந்தால் பின்னால் மடித்து வைத்த கான்வாஸ் கூரையைப் பலர் சேர்ந்து இழுத்து மூட வேண்டும். திண்ம ரப்பர் சக்கரங்களில் ஓடிய இவ்வகைக் கனரக மோட்டார் வண்டிகளுக்கு 1904ஆம் ஆண்டு ஆணைப்படி உச்ச வேகம் மணிக்கு 12 மைல்.

முதல் உலகப் போர் முடிந்தபின் இத்தொழில் பெருகியது. இராணுவம் கழித்துக்கட்டிய லாரிகள் மலிவாக விற்பனைக்கு வந்தன. போரிலிருந்து திரும்பியவர்களில் வண்டி ஓட்டத் தெரிந்தோர் பலர். ஒரே வண்டி வாரநாட்களில் நிலக்கரியோ காய்கறியோ சுமக்கும். சனிக்கிழமை சரக்குப் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பலகை இருக்கைக் கூட்டை மாட்டினால் ஷாரபாங் ஆகிவிடும். 1919 இலையுதிர்காலத்தில் நடந்த ரயில்வே வேலைநிறுத்தம், ரயில் இல்லாமலும் வெளியூர் போகலாம் என்று மக்களுக்குக் காட்டியது.

லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், தேவாலயப் பாடகர் குழுவினர், மதுக்கடை வாடிக்கையாளர்கள் ஆகியோர் ஆண்டுக்கொரு நாள் இப்படிக் கடற்கரைக்குச் சென்றனர். வாரந்தோறும் சில பென்னிகளைப் பொருளாளரிடம் கட்டி, நாள் வந்ததும் வண்டி பேசுவார்கள். ஏறத்தாழ நம்மூர்ச் சீட்டுப் பணம் போல. கடலைக் காணாமலே திரும்பிய குழுக்களும் உண்டு. வழிநெடுக மதுக்கடைகளில் நின்று நின்று பொழுது போய்விடும். வேல்ஸ் எழுத்தாளர் டிலன் தாமஸ் அப்படிப்பட்ட ஒரு பயணத்தை வைத்தே ஒரு சிறுகதை எழுதினார். கிராமப்புறங்களில் இவ்வண்டிகளுக்கு நல்ல பெயர் இல்லை. புழுதி, கூச்சல், குறுகிய சாலையில் எதிர்வண்டிக்கு வழிவிடாமை, வேலியோரம் வீசிய பாட்டில்கள் என்று புகார்கள் எழுந்தன. இவற்றில் பாதி நியாயமானவை. மறுபாதி, தொழிலாளர்கள் தம் ஊர்ப்பக்கம் வருவதையே விரும்பாதவர்களின் முணுமுணுப்பு.

ஹேண்ட்கிராஸ் விபத்து

ஆபத்தும் உண்மையாகவே இருந்தது. 1906 ஜூலை 12 அன்று கென்ட் மாவட்டத்து ஆர்ப்பிங்டன் பகுதியைச் சேர்ந்த தன்னார்வத் தீயணைப்பு வீரர்களும் வணிகர்களும் பிரைட்டன் கடற்கரைக்கு ஒரு பேருந்தை வாடகைக்கு எடுத்துப் புறப்பட்டனர். அது ஷாரபாங் அன்று, லண்டன் நகரச் சேவையில் ஓடிய திறந்த மாடிப் பேருந்து. சசெக்ஸில் ஹேண்ட்கிராஸ் மலைச்சரிவில் இறங்கும்போது இயந்திரப் பாகங்கள் உடைந்து, கட்டுப்பாட்டை இழந்து மரத்தில் மோதியது. பத்துப் பேர் இறந்தனர்.

நகரத் தெருக்களில் நாள்தோறும் ஓடிய வண்டி அது. பழக்கமில்லாத மலைச்சாலைக்கு அதைக் கொண்டுசென்றது வாடகை. தினசரித் தடத்தில் ஓடும் ஓட்டுநருக்கு வளைவும் பள்ளமும் மனப்பாடம். வாடகை வண்டிக்காரருக்கு ஒவ்வொரு பயணத்திலும் சாலை புதிது. வாடகைப் பயணத்துக்கே உரிய இந்த ஆபத்தை அன்றைய விதிகள் கணக்கில் எடுக்கவில்லை. வண்டிகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் ஊருக்கு ஊர் நகராட்சிகளிடம் சிதறிக் கிடந்தது. அவை விக்டோரியா காலத்துக் குதிரை வண்டிச் சட்டங்களையே பின்பற்றின.

1930ஆம் ஆண்டுச் சட்டம்

கிரிஃபித் பாஸ்காவன் தலைமையில் 1928இல் அமைந்த போக்குவரத்துக்கான அரச ஆணையத்தின் ஆய்வுக்குப் பின், 1930இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் நிறைவேறியது. அது பயணிகள் வண்டிகளை மூன்றாகப் பிரித்தது. வழியில் ஏற்றி இறக்கித் தனித்தனிக் கட்டணம் வாங்குவது ஸ்டேஜ் கேரியேஜ். தனித்தனிக் கட்டணமே ஆயினும், குறிப்பிட்ட தொகைக்குக் குறையாமல் வாங்கும் நெடுந்தூர வண்டி எக்ஸ்பிரஸ் கேரியேஜ். வண்டி முழுவதையும் பேசிய தொகைக்கு ஒப்பந்தத்தில் விடுவது கான்ட்ராக்ட் கேரியேஜ்.

முதல் இரண்டுக்கும் தட உரிமம் தேவைப்பட்டது. அதைப் பெறுவது எளிதன்று. போக்குவரத்து ஆணையர் முன் ரயில்வே நிறுவனங்களும் பெரிய பேருந்து நிறுவனங்களும் வந்து, அந்தத் தடத்தில் ஏற்கெனவே போதிய வசதி இருக்கிறது என்று எதிர்ப்பார்கள். கான்ட்ராக்ட் கேரியேஜுக்குத் தட உரிமம் வேண்டியதில்லை. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருந்த சிறு உரிமையாளர்களுக்கு இது பிழைப்புவழி ஆயிற்று. ஆனால் வண்டியின் தகுதிச் சான்று, ஓட்டுநர் உரிமம், ஓட்டும் நேர வரம்பு ஆகியவை மூன்று வகைக்கும் பொதுவாயின. தொடர்ந்து ஐந்தரை மணி நேரத்துக்கு மேலோ, 24 மணி நேரத்தில் மொத்தம் 11 மணி நேரத்துக்கு மேலோ ஓட்டக்கூடாது என்று சட்டம் வரையறுத்தது. விடியற்காலை கிளம்பி நள்ளிரவில் திரும்பும் உல்லாசப் பயணங்களுக்கு இந்த விதிதான் முதல் கடிவாளம்.

ஒரு கேள்வி எஞ்சியது. பாடகர் குழுவினர் வண்டியை முழுதாகப் பேசுகிறார்கள், பணத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிடுகிறார்கள். இது தனிக் கட்டணமா? சிறப்பு நிகழ்வுக்காகச் செல்லும் தனிப்பட்ட குழுவாக இருந்தால் அவ்வாறு பங்கிடலாம் என்று சட்டம் விலக்கு அளித்தது. அப்படியானால் தனிப்பட்ட குழு என்பது எது? ஒரே ஆலையில் வேலை செய்பவர்கள் குழுதான். கடைக் கண்ணாடியில் அறிவிப்பு ஒட்டி, பணம் கட்டிய எவரையும் ஏற்றிக்கொண்டால் அது குழுவா, பொதுமக்களா? இது பற்றி வழக்குகள் நடந்தன. பொது விளம்பரம் இருக்கக்கூடாது என்பது பிற்காலத்தில் முக்கிய நிபந்தனையாயிற்று. 1980ஆம் ஆண்டுச் சட்டம் நெடுந்தூரச் சேவைகளுக்கும் சுற்றுலாப் பயணங்களுக்கும் இருந்த தட உரிமக் கட்டுப்பாட்டை நீக்கியபோதுதான் இந்த வழக்காடலின் கூர்மை மழுங்கியது.

மினிபஸ்

பள்ளிகளும் தொண்டு அமைப்புகளும் சொந்தமாகச் சிறு வண்டி வைத்துக்கொண்டு, செலவை உறுப்பினர்களிடம் வாங்க விரும்பின. 1977ஆம் ஆண்டு மினிபஸ் சட்டம் அனுமதிச் சீட்டின் பேரில் அதற்கு வழிவிட்டு, முழு வணிக உரிம விதிகளிலிருந்து அவற்றுக்கு விலக்குக் கொடுத்தது. 1993 நவம்பரில், லண்டன் இசை நிகழ்ச்சியிலிருந்து மாணவர்களை அழைத்துக்கொண்டு ஆசிரியை ஒருவர் ஓட்டி வந்த பள்ளி மினிபஸ் எம்40 நெடுஞ்சாலையில், நின்றிருந்த பராமரிப்பு வண்டியில் மோதியது. 12 மாணவர்களும் ஆசிரியையும் இறந்தனர். பக்கவாட்டுப் பெஞ்சுகளில் இருந்த மாணவர்களுக்கு இருக்கைப் பட்டை இல்லை. குழந்தைகளை ஏற்றிச் செல்லும் மினிபஸ்களிலும் கோச்சுகளிலும் இருக்கைப் பட்டை 1997இல் கட்டாயமானது.

இந்தியாவில்

1939ஆம் ஆண்டு இந்திய மோட்டார் வாகனச் சட்டம் ஸ்டேஜ் கேரியேஜ், கான்ட்ராக்ட் கேரியேஜ் என்னும் பெயர்களை அப்படியே எடுத்துக்கொண்டது. வண்டி முழுவதையும் பேசிய தொகைக்கு என்னும் வரையறையும் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையே. ஒப்பந்தத்தில் சேராத பயணியை வழியில் ஏற்றவோ இறக்கவோ கூடாது என்பதும் அதில் இடம்பெற்றது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இது தொடர்கிறது.

பேருந்துத் தடங்கள் பல அரசுடைமை ஆனபின் இந்தப் பிரிவினைக்குப் புதிய கனம் வந்தது. தடம் அரசினுடையது, ஒப்பந்த வண்டி தனியாருடையது. ஒப்பந்த வண்டியே தடப் பேருந்து போல ஆளுக்கொரு கட்டணம் வாங்கி ஓடினால் என்ன செய்வது? கர்நாடக அரசு 1976இல் தனியார் ஒப்பந்த வண்டிகளைக் கையகப்படுத்தவே சட்டம் இயற்றியது. ரங்கநாத ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 1977இல் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் இரவுதோறும் ஓடும் ஆம்னி பேருந்துகள் ஒப்பந்த வண்டி உரிமத்தில் ஓடுபவை. ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏறக்கூடிய எந்த மோட்டார் வண்டியும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆம்னிபஸ்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கட்டணம் ஏறும்போதெல்லாம், இவை தடப் பேருந்துகள் அல்ல, ஒப்பந்த வண்டிகள் என்ற விளக்கமே முன்வைக்கப்படுகிறது. திருமண வேன் பழைய ஷாராவுக்கு இன்னும் நெருக்கமானது. நாள் வாடகை, கிலோமீட்டர் கணக்கு, ஓட்டுநர் பேட்டா, சுங்கம், கேரளம் போனால் அம்மாநில வரி என்று எல்லாவற்றையும் ஒருவரே பேசி முடிக்கிறார். முன்கண்ணாடியில் மணமக்கள் பெயர் ஒட்டியிருக்கும். சபரிமலைக்கோ வேளாங்கண்ணிக்கோ போகும் குழு மட்டும் வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று தமக்குள் பிரித்துக்கொள்கிறது, லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்களைப் போலவே.